கடைசிச் சிஷ்யன்

எந்த வித்தையைப் பற்றிப் பேச்செடுத்தாலும் நம்மவர்கள் முதலில் ஆதி குருவைத் தேடிக்கொண்டு புறப்பட்டுவிடுவார்கள். வர்மமா, அகஸ்தியர். களரியா, பரசுராமர். சீனத்துச் சண்டை வித்தைகளா, நம் காஞ்சிபுரத்துப் போதிதர்மர். ஆதி குரு எவ்வளவுக்கெவ்வளவு பழையவரோ அவ்வளவுக்கவ்வளவு நமக்குத் திருப்தி. ஆனால் அந்த வித்தையை இன்றைக்கு யார் யாரிடம் கற்றுக்கொள்கிறார்கள், நேற்றுவரை கற்றுக்கொடுத்தவருக்குப் பிறகு யார் என்று கேட்டால் பேச்சு சற்றே தயங்கும். சங்கிலியின் முதல் கண்ணிக்கு மாலை மரியாதையெல்லாம் நடக்கும். கடைசிக் கண்ணி கழன்று விழும் சப்தம் ஒருவர் காதிலும் விழாது.

கொஞ்ச காலமாக ஜப்பானியரின் பழைய ஜுஜுத்சுப் பள்ளிகளின் சரித்திரத்தைப் படித்துக்கொண்டு வருகிறேன். கைகலப்பில் எனக்கு ஆசையும் இல்லை, அதற்கேற்ற உடம்பும் இல்லை. இருந்தாலும், கல்லும் செம்பும் ஓலையும் துணையில்லாமல் வெறும் மனித உடம்பை மட்டுமே நம்பியிருக்கிற ஒரு வித்தை நானூறு ஐந்நூறு வருஷம் எப்படி உயிரோடு இருக்கிறது என்ற கேள்வி, கதை எழுதுகிறவனையும் சும்மா விடுவதில்லை. அந்தப் பள்ளிகளின் கதையில் அதற்கு ஒரு விடை இருக்கிறது. அந்த விடை நமக்கும் வேண்டியிருக்கிறது.

ஜுஜுத்சு என்றால் இணங்கிக் கொடுக்கும் வித்தை என்று பொருள் சொல்லலாம். போர்க்களத்தில் வாள் கைநழுவிப் போனாலோ, உருவ அவகாசமில்லாமல் எதிரி மேலே விழுந்துவிட்டாலோ, ஸாமுராய் வீரன் என்ன செய்வது? பிடிப்பது, மடக்குவது, எறிவது, கழுத்தை நெரிப்பது, கயிற்றால் கட்டிப்போடுவது எல்லாம் இதில் அடக்கம். எதிரியின் பலத்தை எதிர்த்து முட்டாமல், அது போகிற திசையிலேயே போகவிட்டு அவனைக் கவிழ்ப்பதுதான் இதன் சூட்சுமம்.

இன்று தெரிந்த பள்ளிகளில் மிகப் பழையவற்றுள் ஒன்று தகெனோஉச்சிப் பள்ளி. இப்போதைய ஒகயாமா மாகாணத்தைச் சேர்ந்த மலைநாட்டில் ஒரு சிறு கோட்டைக்கு அதிபதியாக இருந்தவர் தகெனோஉச்சி ஹிஸமோரி. 1532-ஆம் ஆண்டில் அவர் மலைக்குப் போய் விரதமிருந்து, கனத்த மரவாளைச் சுழற்றிப் பயிற்சி செய்துகொண்டிருந்தார். களைத்துக் கண்ணயர்ந்த சமயத்தில் மலைத் துறவி ஒருவர் எதிரே வந்து நின்றாராம். நீண்ட ஆயுதத்தில் லாபமில்லை என்று சொல்லி, அந்த மரவாளை இரண்டு துண்டாக முறித்தாராம். குறுங்கத்தியோடு எதிரியை நெருங்கி மடக்கும் முறைகளும், கொடியால் அவனைக் கட்டிப்போடும் முறைகளும் சொல்லிக்கொடுத்துவிட்டு மறைந்து போனாராம். பிற்காலத்தில் அந்தக் குடும்பத்தின் கோட்டை கைவிட்டுப் போயிற்று. அதிகாரமும் போயிற்று. வித்தை மட்டும் தகப்பனிடமிருந்து மகனுக்கும் மகனிடமிருந்து பேரனுக்கும் போயிற்று. ஏறக்குறைய ஐந்நூறு வருஷம் ஆகியும் ஒகயாமாவில் அந்தக் குடும்பத்தின் பெயரிலேயே பள்ளி நடக்கிறது.

மலைத் துறவி வந்தாரா என்று நான் விசாரிக்கப் போவதில்லை. ஒவ்வொரு பள்ளிக்கும் இப்படி ஒரு தொடக்கக் கதை உண்டு. நாகஸாகியைச் சேர்ந்த அகியாமா என்ற வைத்தியர் ஒரு பனிக்காலத்தில் மரங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். விறைப்பாக நின்ற கிளைகள் பனியின் பாரம் தாங்காமல் முறிந்தன. வில்லோ மரத்தின் கிளையோ வளைந்து பனியைக் கீழே சரித்துவிட்டு மறுபடி நிமிர்ந்தது. அதைக் கண்டு அவர் தொடங்கிய பள்ளிக்கு வில்லோவின் பெயரே வந்தது. இன்னும் சிலர், 17-ஆம் நூற்றாண்டில் சீனாவிலிருந்து வந்து யெடோ நகரத்துக் கோயிலொன்றில் தங்கியிருந்த சின் கெம்பின் என்பவரே ஜுஜுத்சுவின் ஆதி குரு என்றார்கள். அவர் கப்பலேறுவதற்கு வெகு காலம் முன்பே ஹிஸமோரியின் பேரப்பிள்ளைகள் ஒருவரையொருவர் எறிந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள் என்பதுதான் இதிலுள்ள சங்கடம்.

நம் போதிதர்மர் கதையிலும் இதே சங்கடம் இருக்கிறது. 2011-இல் 'ஏழாம் அறிவு' படம் வந்த பிறகு அவரைத் தெரியாத குழந்தை தமிழ்நாட்டில் கிடையாது. அவர் ஷாவோலின் துறவிகளுக்கு உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்தார் என்ற செய்தியோ, அவர் காலத்துக்கு ஆயிரம் வருஷம் பிந்தி, 17-ஆம் நூற்றாண்டில் எழுந்த ஒரு சீன நூலிலிருந்து புறப்பட்டது. சீனத்திலேயே ஆராய்ச்சிக்காரர்கள் அதை ஒப்புக்கொள்வதில்லை. இதனால் காஞ்சிபுரத்துக்கு ஒரு குறைவும் வந்துவிடாது. நதிமூலம் பனிமூட்டத்தில் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். தண்ணீர் கீழே ஓடி வருகிறதா என்று பார்ப்பதுதான் முக்கியம். ஜப்பானியர் பள்ளிக்கு வைத்திருக்கும் சொல் 'ர்யூ'. அதற்கு ஓட்டம், நீரோட்டம் என்றே பொருள்.

இந்த நீரோட்டம் எப்படி ஓடியது?

மாணவனைச் சேர்க்கும்போதே பல பள்ளிகளில் சத்தியம் வாங்கினார்கள். குருவின் அனுமதியில்லாமல் வெளியே காட்டமாட்டேன், வீண் சண்டைக்குப் போகமாட்டேன் என்றெல்லாம் எழுதி, விரலைக் கீறி இரத்தத்தால் முத்திரை வைக்க வேண்டும். பிறகு முதற் பாடம், இடைப் பாடம், உட்பாடம் என்று படிப்படியாக வருஷங்கள் ஓடும். படி ஏற ஏற குரு ஒரு காகிதச் சுருள் கொடுப்பார். எல்லாம் முடிந்தவனுக்குக் கிடைப்பது முழு உரிமைச் சுருள். அதற்குப் பிறகு அவனே குருவாக இருக்கலாம்.

அந்தச் சுருளைத் திருடிக்கொண்டு போய் வித்தை கற்றுவிடலாம் என்று நினைத்தால் ஏமாற்றந்தான். அதில் முறைகளின் பெயர்கள் மட்டும் வரிசையாக எழுதியிருக்கும். கிடோ என்னும் பள்ளியின் பெயர்களைப் பாருங்கள்: கனவுக்குள்ளே, நீர்ச்சக்கரம், அந்தி மழை, அருவி வீழ்ச்சி, வில்லோவின் பனி, பாறையலை. கவிதைப் புத்தகத்தின் பொருளடக்கம் போல இருக்கிறதல்லவா? அந்தி மழை என்றால் எந்தக் கையை எங்கே பிடிப்பது என்பதைச் சுருள் சொல்லாது. குருவின் வாய் சொல்லும். அதைவிட அதிகமாக அவர் உடம்பு சொல்லும். அறிந்தவனுக்கு நினைவூட்ட மட்டுமே எழுத்து உதவும்.

சுருளின் முடிவில் குரு பரம்பரை வரும். முதல் குருவின் பெயர், அவர் சிஷ்யர் பெயர், அவருக்குச் சிஷ்யர் பெயர் என்று இறங்கிக்கொண்டே வந்து, கொடுக்கிறவர் பெயரும் கடைசியாக வாங்குகிறவன் பெயரும் இருக்கும். நமது குரு பரம்பரைப் பிரபாவங்கள் ஆசாரியர்களோடு நின்றுவிடுவது வழக்கம். ஜப்பானியச் சுருளோ, நேற்று வந்த பிள்ளையின் பெயரையும் அதே மையில் அதே வரிசையில் எழுதிவிடுகிறது. முதல் பெயருக்குச் சாட்சி இல்லாமற் போகலாம். கடைசிப் பெயருக்குரியவன் கண்ணெதிரே மண்டியிட்டு உட்கார்ந்திருக்கிறான். பொறுப்பு யாருடையது என்பதில் சந்தேகமே கிடையாது.

இனி 'கட்டா' என்ற விஷயத்துக்கு வருகிறேன். கராத்தே வகுப்புகளின் புண்ணியத்தில் இந்தச் சொல் இப்போது நம் வீடுகளில் புழங்குகிறது. கட்டா என்றால் வடிவம், வார்ப்பு. இன்னின்ன அடி, இன்னின்ன தடுப்பு, இன்னின்ன திருப்பம் என்று முன்கூட்டியே வகுத்த பயிற்சி. கராத்தேயில் அதைத் தனியாளாகச் செய்கிறார்கள். ஜுஜுத்சுக் கட்டாவுக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் தாக்குவார், மற்றவர் அதை வாங்கி அவரைக் கவிழ்ப்பார். யார் கவிழ்வார், எந்தப் பக்கம் கவிழ்வார் என்பது இருவருக்கும் முன்பே தெரியும்.

எங்கள் கீழ்க்கட்டளையில் ரேடியல் ரோட்டின் இரைச்சலுக்குச் சற்றே உள்வாங்கிய தெரு ஒன்றில், மொட்டைமாடியில் வாரம் மூன்று நாள் கராத்தே வகுப்பு நடக்கிறது. அங்கே போகும் பத்து வயதுப் பையன் ஒருவன் என்னிடம் கேட்டான்: "தாத்தா, சண்டைல எவனாவது கட்டாப்படியா அடிப்பான்? அப்புறம் எதுக்கு இத்தனை நாள் காத்தையே குத்திட்டிருக்கோம்?"

நியாயமான கேள்வி. ஜப்பானிலும் நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் புத்திசாலிப் பிள்ளைகள் இதையே கேட்டார்கள். அந்தப் பையனுக்கு நான் சங்கீதத்தைக் காட்டித்தான் பதில் சொன்னேன். சரளி வரிசையை எந்தக் கச்சேரியில் பாடுகிறார்கள்? ஆனால் சரளி பாடாத தொண்டை கச்சேரிக்கு வருமா? இதைக் கேட்டு அவன் திருப்தியடைந்ததாகத் தெரியவில்லை. அவன் போன பிறகுதான் எனக்கே இன்னும் நல்ல பதில் தோன்றியது. சரளி வரிசையைவிடப் பாடாந்தரமே இதற்குச் சரியான உவமை. தியாகராஜர் 1847-இல் சித்தியடைந்தார். அவர் குரல் எந்தத் தட்டிலும் பதிவாகவில்லை. உமையாள்புரத்திலும் தில்லைஸ்தானத்திலும் வாலாஜாபேட்டையிலும் சிஷ்யர்கள் வாய்க்கு வாய் வாங்கி வைத்துக்கொண்டதால்தான் அந்தக் கிருதிகள் இன்று நம் காதில் விழுகின்றன. அந்த மாதிரி, ஒரு மனிதனின் அசைவை இன்னொரு மனிதனிடம் சிந்தாமல் சேர்க்கும் பாத்திரமே கட்டா. சண்டைக்கு அது ஒத்திகையாக இருப்பது இரண்டாம் பட்சம். இறந்துபோனவரின் உடம்பு உயிரோடிருப்பவனின் உடம்புக்கு எழுதும் கடிதம் என்றே அதைச் சொல்ல வேண்டும்.

இதற்கு அழகான ஓர் அத்தாட்சி உண்டு. கிடோப் பள்ளியின் கட்டாவில் எல்லாமாக 21 முறைகள்: வெளிமுறை 14, உள்முறை 7. இவற்றைச் செய்கிறவர்கள் கனமாக, நிதானமாக, இடுப்பை அதிகம் வளைக்காமல் அடியெடுத்து வைப்பார்கள். ஏன் இப்படி என்றால், இவை கவசம் தரித்த வீரர்களுக்காக ஏற்பட்டவை. கவசங்கள் அரும்பொருட்காட்சிச் சாலைக்குப் போய் எத்தனையோ காலம் ஆகிவிட்டது. பருத்திச் சட்டை மாத்திரம் போட்டுக்கொண்டு நிற்கும் இருவர், இல்லாத இரும்பின் பாரத்தை இன்றும் தோளில் சுமந்துகொண்டு நடக்கிறார்கள். எந்தப் பொருட்காட்சிச் சாலையும் இதைக் காப்பாற்றிக் கொடுத்திருக்க முடியாது.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. பல பழைய பள்ளிகளில், முக்கியமாக வாட்பள்ளிகளில், தோற்கும் பாத்திரம் மூத்தவருடையது. குருவே தாக்குவார்; சிஷ்யன் அவரை வெல்ல வேண்டும். எந்த வேகத்தில் வந்தால் பிள்ளை இன்றைக்குத் தாங்குவான், எங்கே கொஞ்சம் பயமுறுத்தினால் விழித்துக்கொள்வான் என்பது அவருக்குத்தான் தெரியும். ஆயிரம் தடவை வென்ற கிழவர், தம் கடைசிக் காலத்தை ஒரு சிறுவனிடம் தினம் தினம் தோற்பதில் செலவழிக்கிறார். இதைவிடச் சிறந்த ஆசிரியத் தொழிலை நான் கேள்விப்பட்டதில்லை.

இத்தனை கட்டுக்கோப்பாக இருந்த பள்ளிகள் ஒரு தலைமுறைக்குள் ஆட்டம் கண்டுவிட்டன. 1868-இல் ஜப்பானில் பழைய ஆட்சி போய்ச் சக்கரவர்த்தியின் ஆட்சி திரும்பிற்று. 1871-இல் சிற்றரசுகள் ஒழிந்தன; அவற்றை அண்டியிருந்த வித்தை ஆசிரியர்களுக்கு மானியம் நின்றது. 1876-இல் வாள் தரிக்கவே தடை வந்தது. நாடெல்லாம் மேல்நாட்டு மோகம். ஜுஜுத்சு என்றால் பட்டிக்காட்டுச் சங்கதி. ஆசிரியர்கள் பலர் எலும்பு முறிவுக்குக் கட்டுப் போட்டு வயிறு வளர்த்தார்கள். நம் கன்னியாகுமரிப் பக்கத்து வர்ம ஆசான்கள் வைத்தியர்களாகவும் இருக்கிறார்களே, அந்த மாதிரி. உடைக்கத் தெரிந்தவனுக்குத்தான் ஒட்டவும் தெரியும்.

இந்தச் சமயத்தில்தான் ஜிகோரோ கானோ என்ற கல்லூரி மாணவர் குருவைத் தேடி அலைந்தார். 1860-இல் பிறந்தவர், மெலிந்த உடம்பு, பள்ளிக்கூடத்தில் முரடர்களிடம் உதைபட்டவர். ஜுஜுத்சு தெரிந்தவர்கள் எங்கே இருப்பார்கள் என்று யோசித்து, டோக்கியோவில் எலும்பு வைத்தியர் போர்டுகளைப் பார்த்து விசாரித்துக்கொண்டே போனார். 1877-இல் அப்படி ஒருவர் வழிகாட்டி ஃபுகுதா ஹச்சினோசுகே என்பவரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தார். ஃபுகுதா, தென்ஜின் ஷின்யோ என்னும் பள்ளியைச் சேர்ந்தவர். அகியாமாவின் வில்லோப் பள்ளியையும் இன்னொன்றையும் இணைத்து, 124 முறைகளாக வகுத்து 19-ஆம் நூற்றாண்டில் ஏற்பட்ட பள்ளி அது. ஒரு காலத்தில் ஏராளமான சிஷ்யர்களைக் கண்ட அந்தப் பள்ளியின் ஆசிரியரிடம் இப்போது தவறாமல் வந்தவர்கள் ஓரிருவரே.

ஒருநாள் ஃபுகுதா கானோவைத் தூக்கி எறிந்தார். கானோ படித்த பிள்ளை அல்லவா? கையை எப்படி வைத்தீர்கள், காலை எப்படி வைத்தீர்கள் என்று கேட்டார். குரு பதில் சொல்லவில்லை, மறுபடி எறிந்தார். மறுபடி கேள்வி, மறுபடி எறிதல். கடைசியில், கேட்டுத் தெரிந்துகொள்ளும் விஷயம் இல்லை இது, விழுந்து விழுந்துதான் தெரியும் என்றாராம்.

1879-இல் அமெரிக்காவின் முன்னாள் ஜனாதிபதி கிராண்ட் ஜப்பானுக்கு வந்தபோது அவர் முன்னிலையில் ஃபுகுதாவும் கானோவும் வித்தை காட்டினார்கள். சில தினங்களுக்குள் ஃபுகுதா காலமானார். வயது 52. அவருடைய சுருள்களையெல்லாம் குடும்பத்தார் கானோவிடம் ஒப்படைத்துவிட்டார்கள். பதினெட்டு வயதுப் பையன்! எத்தனையோ தலைமுறைச் சொத்து, பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த ஒரு பிள்ளையின் மேஜைமேல் வந்து உட்கார்ந்துவிட்டது. அடுத்து அவர் அதே பள்ளியின் மூத்த குரு இஸோவிடம் போனார். கட்டாவில் கை தேர்ந்தவர் என்று பெயர் பெற்ற அவரும் 1881-இல் காலமானார். பிறகு கிடோப் பள்ளியின் இயிகுபோவிடம் சேர்ந்தார். 1882-இல் ஒரு புத்த ஆலயத்தில், 12 பாய் விரிக்கும் இடத்தில், விரல்விட்டு எண்ணக்கூடிய சிஷ்யர்களோடு தம் சொந்தப் பள்ளியைத் தொடங்கினார். உலகமெங்கும் இன்று ஒலிம்பிக் பந்தயமாக ஆடும் ஜூடோ அங்கேதான் பிறந்தது.

கானோவின் ஜூடோ புதுமையானது. ஆபத்தான பிடிகளை ஒதுக்கிவிட்டு, விட்டுப்பிடித்து ஆடும் தாராள ஆட்டத்துக்கு முதலிடம் கொடுத்தார். அந்த வெள்ளத்தில் பழைய பள்ளிகள் பல முழுகிப் போனதும் உண்மைதான். ஆனாலும் அவர் நன்றி மறந்தவராக இருக்கவில்லை. 1906-இல் கியோட்டோவில் பல பள்ளிகளின் பெரியவர்களைக் கூட்டி, ஆளுக்கொரு விதமாக இருந்த கட்டாக்களைப் பொதுவாக வகுக்கும் குழுவுக்குத் தலைமை வகித்தார். கிடோப் பள்ளியின் 21 முறைகளை மட்டும், நாகரிகப்படுத்தாமல், 'பழைய கட்டா' என்றே பெயர் வைத்துப் பாதுகாத்தார். 1929-இல், உலகப் புகழ் பெற்ற பிறகு, சக்கரவர்த்தியின் முன்னால் அவரே செய்து காட்டியது எது தெரியுமா? தாம் கண்டுபிடித்த எதுவுமில்லை. அந்தக் கவசக்காரர்களின் பழைய கட்டாவைத்தான்.

அதே 1929-இல் இந்த வித்தை நம் தேசத்துக்கும் வந்தது. அதுவும் இரண்டாவது முறையாக. முதல் முறை 1905-இல். வங்காளப் பிரிவினையால் நாடு கொந்தளித்த வருஷம் அது. ருஷ்யாவை ஜப்பான் கடலில் முறியடித்த வருஷமும் அதுதான். மகாகவி தாகூர் சாந்திநிகேதனத்துப் பிள்ளைகளுக்கு ஜுஜுத்சு சொல்லிக்கொடுக்க ஜப்பானிலிருந்து ஸானோ ஜின்னோசுகே என்பவரை வரவழைத்தார். சில ஆண்டுகள் கழித்து அவர் ஊர் திரும்பினார். வங்காளத்தில் அவர் விட்டுச்சென்ற மல்லர்கள் யாரும் தொடரவில்லை. அவர் எடுத்துச்சென்றது மட்டும் பலன் தந்தது: தாகூரின் 'கோரா' நாவலைப் பிற்காலத்தில் ஜப்பானிய மொழியில் பெயர்த்தார்.

இரண்டாம் முறை தாகூர் கானோவின் பள்ளியிலிருந்தே தகாகாகி ஷின்ஸோவை வரவழைத்தார். ஆண்பிள்ளைகளோடு பெண்பிள்ளைகளும் பாயில் இறங்கினார்கள். அமர்த்தியா சென்னின் தாயார் அமிதா சென் அங்கே ஜூடோ பயின்றவர்களில் ஒருவர். அந்தக் காலத்தில், ஒரு பெண் குழந்தை ஓர் ஆளைத் தூக்கி எறிவதென்றால் எவ்வளவு பேர் முகம் சுளித்திருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள். 1931 மார்ச்சில் கல்கத்தாவின் நியூ எம்பயர் அரங்கில் மாணவ மாணவிகளைக் கொண்டு கவி ஒரு காட்சி நடத்தினார். அதற்கென்றே ஒரு பாட்டும் எழுதினார். அச்சத்தை உதறும்படி தம் மக்களைத் தூண்ட வேண்டுமென்பது அவர் ஆசை. ஆனால் விசுவபாரதியில் பணமில்லை. தகாகாகியைக் கல்கத்தாவிலாவது இருத்திக்கொள்ள அவர் செய்த முயற்சியும் பலிக்கவில்லை. தகாகாகி போய்விட்டார்.

குருவுக்குக் குறைவில்லை. இடம் கொடுத்தவரோ மகாகவி. பிள்ளைகளுக்கும் உற்சாகம் இருந்தது. பின் எது இல்லை? தகாகாகி கப்பலேறிய மறுநாள், அதே பாயை விரித்து, இன்னொருவரை எதிரே நிறுத்தி, 'நான் விழுகிறேன், நீ எறி' என்று சொல்லக்கூடிய ஒருவர் இல்லை. ஒரே ஒரு கடைசிச் சிஷ்யன் தயாராவதற்கு இரண்டு வருஷம் போதவில்லை. அதற்குமேல் காத்திருக்கப் பணம் கொடுப்பாரில்லை.

மலையாளத்தில் கதை வேறு மாதிரி முடிந்தது. ஒடுங்கிக் கிடந்த களரி வித்தையை வயோதிகரான கோட்டக்கல் கணாரன் குருக்களிடமிருந்து தலைச்சேரியின் சி. வி. நாராயணன் நாயர் கற்றுக்கொண்டு, ஊரறியக் காட்டி, பிள்ளைகளைப் பயிற்றினார். குரு 1935-இலும் சிஷ்யர் 1944-இலும் காலமானார்கள். நாயருக்கு அப்போது நாற்பது வயதுகூட ஆகவில்லை. அதற்குள் அவர் தமக்கடுத்த கண்ணியைக் கோத்துவிட்டார். அவர் பெயர் தாங்கிய களரிகள் இன்றும் நடக்கின்றன.

நம் பக்கம் திரும்பினால் எனக்கு உவகையும் வருகிறது, உறுத்தலும் வருகிறது. சிலம்பம் பிழைத்துக்கொண்டது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் போட்டிகளில் அது காட்சி விளையாட்டாக இடம் பெற்றது. எங்கள் புறநகர்ப் பகுதியிலும் கம்பு சுழற்றும் சத்தம் கேட்கிறது. துளுக்காணம், குறவஞ்சி, மறக்காணம், கள்ளன் கம்பு என்று பள்ளி பள்ளியாக வழங்கிய பெயர்களைக் கேட்டாலே, கிடோப் பள்ளியின் சுருளைப் படிப்பது போலிருக்கிறது. கம்பைக் கையில் கொடுக்கு முன்னால் வெறும் காலுக்குச் சுவடு பழக்கும் ஆசான்கள் இருக்கிறார்கள். அந்தச் சுவடுதான் நம் கட்டா. ஆனால் போட்டிக்குப் புள்ளி எண்ணும்போது எல்லாக் கம்பும் ஒரே கம்பாகிவிடும். கானோ பழைய கட்டாவைத் தனியே எடுத்து வைத்தாரே, அந்த மாதிரி ஒவ்வொரு பள்ளியின் சுவட்டையும் அந்தந்த ஆசான் இருக்கும்போதே ஒரு பிள்ளையின் காலில் ஏற்றி வைக்க வேண்டும். சினிமாப் படம் பிடித்து வைத்தால் போதாதா என்பார்கள். படம் நமக்கு எதிரே நின்று தோற்றுக் கொடுக்காது.

தவறவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு வளரியே சாட்சி. சிவகங்கைச் சீமையின் வீரர்கள் கையில் அந்த வளைதடி என்ன பாடுபடுத்தியது என்பதைக் கும்பினியாரே எழுதி வைத்திருக்கிறார்கள். ஜேம்ஸ் வெல்ஷ் என்ற கும்பினிப் படை அதிகாரி, இளைஞராக மதுரைப் பக்கத்தில் இருந்த நாட்களில் சின்ன மருதுவோடு பழகியவர். ஈட்டி எறியவும் வளரி வீசவும் தமக்கு முதலில் கற்றுக்கொடுத்தவர் சின்ன மருதுதான் என்று 1830-இல் வெளியான தம் நினைவுக் குறிப்பில் நன்றியோடு சொல்கிறார். பிறகு யுத்தம் வந்தது. வெல்ஷ் குருவை எதிர்த்த படையில் இருந்தார். 1801 அக்டோபரில் திருப்பத்தூரில் மருது சகோதரர்களைத் தூக்கிலிட்டார்கள். அந்த டிசம்பரில் சென்னைக் கவர்னர் எட்வர்ட் கிளைவ், பாளையக்காரர் நாட்டில் யாரும் ஆயுதம் வைத்திருக்கலாகாது என்று பிரகடனம் செய்தார். சின்ன மருதுவின் இளம் பிள்ளை துரைச்சாமியைப் பினாங்குத் தீவுக்கு நாடு கடத்தினார்கள். 1818-இல் வெல்ஷ் அங்கே போனபோது, இளமையிலேயே கிழடு தட்டிப்போன ஓர் உருவம் அவர்முன் வந்து நின்றது. தம் குருவின் மகன் என்று தெரிந்ததும் மனம் கலங்கியதாக எழுதுகிறார்.

தஞ்சாவூர் ஆயுதசாலையிலிருந்து வந்த தந்த வளரிகளும் புதுக்கோட்டையிலிருந்து வந்த மர வளரிகளும் எழும்பூர் அரும்பொருட்காட்சிச் சாலையில் சேர்ந்தன. வளைவும் கனமும் அப்படியே இருக்கின்றன. மணிக்கட்டு எந்தக் கணத்தில் சொடுக்க வேண்டும், கால் எங்கே ஊன்ற வேண்டும் என்பது மட்டும் அவற்றில் இல்லை. ஜப்பானியக் கட்டாவில் கவசம் போய் நடை மிஞ்சியது. நமக்கு ஆயுதம் மிஞ்சி, நடை போய்விட்டது. இன்று வளரியை மீட்கப் பாடுபடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் முயற்சி வெல்லட்டும். எறிந்து எறிந்து அவர்கள் கண்டுபிடிப்பது புது வித்தையாகவே இருந்தாலும், அதை வாங்கிக்கொள்ள ஒரு பிள்ளையை இன்றே நிறுத்தி வைப்பது நல்லது.

நான் படித்தவற்றில், இன்ன குருவிடம் வளரி கற்றேன் என்று தன் பெயர் போட்டு எழுதி வைத்திருக்கும் ஒரே சிஷ்யன் அந்த வெல்ஷ்தான். குரு மருதுபாண்டியர், சிஷ்யன் கும்பினியான். நாம் ஒரு சுருள் எழுதினால், அதன் அடியில் அந்தப் பெயரைத்தான் எழுத வேண்டியிருக்கும்.